சஹ்யாத்ரியில் ஆறு நாள்: பாறை பிறந்த விதமும் பிறகு மாறிய விதமும்

முதல் நாள்: கசாரா கணவாய்

ஆறு நாளும் ஒரே கல்லைத்தான் பார்க்கப் போகிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மராட்டியப் பகுதியான சஹ்யாத்ரி, நாசிக் பக்கத்திலிருந்து கொய்னாவையும் தாண்டித் தெற்கே நீளும் தொலைவு முழுவதும் பசால்ட் என்னும் கருநிற எரிமலைப் பாறையால் ஆனது. ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு நிலம் பிளந்து, அந்தப் பிளவுகளின் வழியே மீண்டும் மீண்டும் வழிந்தோடிய குழம்பு ஒன்றன்மேல் ஒன்றாக உறைந்து இந்த மலையாயிற்று. அரித்துப் போனது போக இன்று மிஞ்சியிருப்பதே ஏறத்தாழ 5 இலட்சம் சதுர கிலோமீட்டர். இதைத் 'தக்காண ட்ராப்' என்று அழைப்பதற்குக் காரணமான சொல் சுவீடிய மொழியில் படிக்கட்டைக் குறிப்பது. கசாராவில் வண்டியை நிறுத்தி எதிர்மலையை நோக்கினால் அந்தப் பெயருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

படிகள் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை. கையில் எடுத்துப் பார்த்தால் எல்லாம் கறுப்பு, எல்லாம் கனம், எல்லாம் நுண்மணிப் பாறை. எந்தக் குழம்பு ஆழத்திலிருந்து நேரே வந்தது, எது வரும் வழியில் நிலத்தின் பழைய மேலோட்டைக் கரைத்து விழுங்கிக்கொண்டு வந்தது என்பதை உருப்பெருக்கியால்கூடச் சொல்ல முடியாது. அதைச் சொல்லக்கூடியவை ஐசோடோப்புகள். பாடநூல் இவற்றை ஓரிடத்தான்கள் என்கிறது. ஒரே தனிமத்தின், எடையில் மட்டும் வேறுபட்ட அணுக்கள் அவை.

இந்தப் பயணத்தில் அதிகம் பேசப்போவது ஸ்ட்ரான்ஷியத்தைப் பற்றி. ருபிடியம்-87 மெல்லச் சிதைந்து ஸ்ட்ரான்ஷியம்-87 ஆகிறது. அதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 5,000 கோடி ஆண்டுகள். ஸ்ட்ரான்ஷியம்-86 அப்படி எதிலிருந்தும் புதிதாக உண்டாவதில்லை. ஆகவே ஒரு பாறையில் 87-க்கும் 86-க்கும் உள்ள விகிதம், அந்தப் பாறையின் மூலப்பொருள் எவ்வளவு ருபிடியத்தோடு எவ்வளவு காலம் இருந்தது என்பதைக் காட்டும் கணக்கு. ருபிடியம் உருகிய குழம்போடு ஓடிவிடும் தன்மையுடையது என்பதால், கோடிக்கணக்கான ஆண்டுகளில் அது மேலோட்டுக்குக் கீழே உள்ள கவசம் என்னும் தடித்த பாறை அடுக்கை விட்டு மேலோட்டில் வந்து சேர்ந்துவிட்டது. அதனால் கவசத்தில் இந்த விகிதம் 0.703-ஐ ஒட்டியே நிற்கிறது. பழைய கண்ட மேலோட்டிலோ 0.71-ஐத் தாண்டி, சில இடங்களில் 0.73, 0.75 என்றுகூட ஏறிவிடுகிறது. மூன்றாம் தசம இலக்கத்தில் நிகழும் இந்த மாற்றம் அற்பமாகத் தோன்றலாம். அளவிடும் கருவியோ ஐந்தாம் இலக்கம் வரை உறுதியாகச் சொல்லக்கூடியது.

இன்றைய மாதிரி மட்டும் விதிவிலக்கு. அதைக் கண்ணாலேயே அடையாளம் காணலாம். இந்தக் கணவாயில் பெரும்படிகப் பசால்ட் என்னும் அடுக்கு ஒன்று உண்டு. கரிய மாவுக்குள் விரல் நீளத்துக்குப் பிளேஜியோகிளேஸ் என்னும் வெளிர்நிறக் கனிமத்தின் படிகங்கள் பலகைபோல் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. குழம்பு வெளியே வருவதற்கு முன்பு ஆழத்தில் எங்கோ நீண்ட நேரம் தங்கியிருந்தால்தான் படிகங்கள் இவ்வளவு வளர முடியும். களத்தில் அடுக்குகளைப் பிரித்தவர்களுக்கு இவை எல்லைக்கல்லாகப் பயன்பட்டன. எங்களுக்கு வேறொரு பயன் உண்டு. பிளேஜியோகிளேஸ் ஸ்ட்ரான்ஷியத்தை ஏராளமாக ஏற்றுக்கொள்ளும். ருபிடியத்தை ஏறக்குறைய ஏற்காது. ஆகவே அது பிறந்தபோது இருந்த விகிதம் இன்றும் அப்படியே இருக்கும். கைப்பிடி அளவுக்கு மூன்று துண்டுகள் எடுத்துக்கொண்டு, வெளிச்சம் குறைவதற்குள் கிளம்பிவிட்டோம்.

இரண்டாம் நாள்: காண்டாலா, லோனாவலா

இன்று மழைக்காலத்தில் சரிந்த ஒரு சரிவுதான் எங்களுக்கு வாசலாக அமைந்தது. ஊருக்குச் சரிவு துன்பம். பாறை பொறுக்குபவனுக்கோ புதிய வெட்டுமுகம். பழைய சாலையோர வெட்டுகள் ஈரத்தாலும் பாசியாலும் விரல் கனத்துக்குப் பழுப்பேறிக் கிடக்கின்றன. அந்தத் தோலை முழுவதும் உடைத்து நீக்கிய பிறகே உள்ளே இருக்கும் கரும்பகுதி கிடைக்கிறது. இரண்டு கிலோ நல்ல பாறைக்காகப் பத்து கிலோ உடைக்க வேண்டியிருக்கும்.

காண்டாலா, புஷே என்று பெயரிடப்பட்ட இரு தொகுதிகள், அதாவது குழம்படுக்குகளின் இரு கூட்டங்கள், இந்தச் சுற்றுவட்டத்தில் வெளிப்படுகின்றன. ஒட்டுமொத்தத் தக்காணத்தில் மேலோட்டுக் கலப்பு மிகுதியான தொகுதி புஷேதான். இதன் தொடக்க ஸ்ட்ரான்ஷியம் விகிதம், அதாவது குழம்பு உறைந்தபோது இருந்த விகிதம், 0.713 முதல் 0.720 வரை செல்கிறது. பசால்ட் என்று பெயர் வைத்துக்கொண்டு 0.72 காட்டுவது, வீட்டுப் பிள்ளை அயலூர்ப் பேச்சில் பேசுவது போன்றது. எங்கோ தங்கிவிட்டுத்தான் வந்திருக்கிறது.

ஆனால் ஒற்றைச் சாட்சியை நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது. அந்த உயர்ந்த விகிதம் குழம்பு பிறந்தபோதே வந்ததா, பிறகு நிலத்தடி நீர் கொண்டுவந்து சேர்த்ததா என்ற கேள்வி எழும். ஸ்ட்ரான்ஷியம் நீரில் எளிதாகக் கரைந்து நகரும் என்பதால் அந்த ஐயம் நியாயமானதே. இங்கே உதவிக்கு வருவது நியோடிமியம். சமாரியம்-147 சிதைந்து நியோடிமியம்-143 உண்டாகிறது. அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 10,600 கோடி ஆண்டுகள். இவ்விரண்டும் அருமண் தனிமங்கள். சாதாரண வெப்பநிலையில் நீர் இவற்றை எளிதில் அசைப்பதில்லை. விண்கற்களின் சராசரியோடு ஒப்பிட்டு எழுதும் எப்சிலான் மதிப்பில், கவசத்திலிருந்து கலப்பின்றி வந்த பாறை நேர்குறியில் நிற்கும்; பழைய மேலோடு எதிர்குறியில் ஆழமாக இறங்கும். புஷே பாறைகள் -10-க்கும் கீழே செல்கின்றன. ஸ்ட்ரான்ஷியம் ஏற, நியோடிமியம் இறங்க, இரண்டும் ஒரே கதையைச் சொல்கின்றன. நீர் இரண்டையும் இப்படிச் சேர்த்து மாற்றியிருக்க முடியாது. எனவே இது பிறப்பிலேயே வந்த கலப்பு.

ஒரு சிறு கணக்கும் போட்டுப் பார்த்தேன். 0.704 விகிதமுள்ள குழம்பில், அதே அளவு ஸ்ட்ரான்ஷியம் கொண்ட 0.730 விகிதமுள்ள நைஸ் என்னும் பழைய மேலோட்டுப் பாறை பத்தில் ஒரு பங்கு கரைந்தால் கலவை 0.7066 ஆகும். அப்படியானால் 0.720-ஐ எட்டுவதற்கு எவ்வளவு பழைய, எவ்வளவு ருபிடியம் செறிந்த மேலோடு தேவைப்பட்டிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். மிகச் சூடான குழம்பே அதிகமாகக் கரைத்திருக்கும் என்பது ஒரு விளக்கம். எனக்கு அது ஏற்புடையதாகவே படுகிறது. வெந்நீரில் சர்க்கரை விரைவாகக் கரைவதற்கு உள்ள அதே நியாயம்தான்.

மாலையில் கார்லா குகைக்குச் சென்றோம். சுத்தியல்கள் வண்டியிலேயே பூட்டப்பட்டன.

மூன்றாம் நாள்: வாகோலி

புணேவை ஒட்டிய வாகோலியின் கல்குவாரிகள் உலகம் முழுவதும் உள்ள கனிமச் சேகரிப்பாளர்களுக்குத் தெரிந்தவை. காவன்சைட் என்னும் நீலக் கனிமம் முதலில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் கண்டறியப்பட்டது என்றாலும், அதன் மிகச் சிறந்த படிகங்கள் கிடைத்தது இங்கேதான். கால்சியமும் வனேடியமும் சிலிக்காவும் நீரும் சேர்ந்த கனிமம் அது. வெண்ணிற ஸ்டில்பைட் படிகங்களின் மேல் ஊதாமுள் பூப்போல அது உட்கார்ந்திருக்கும். இன்று அதைப் பார்க்கக் கிடைக்கவில்லை. கிடைத்தது ஸ்டில்பைட்டும் ஹியூலண்டைட்டும் கொஞ்சம் கால்சைட்டும், பிறகு எல்லாக் குழிகளின் உட்சுவரிலும் பூசப்பட்டது போன்ற பச்சைமண்ணும். அந்தப் பச்சைக்குப் பெயர் செலடோனைட்.

குழம்பு உறையும்போது அதிலிருந்த வாயுக் குமிழிகள் வெற்றுக் குழிகளாக நின்றுவிடுகின்றன. பிறகு மழைநீர் விரிசல் வழியே உள்ளே இறங்கி, பாறைக் கண்ணாடியைக் கரைத்து, கரைத்ததையே அந்தக் குழிகளில் படிகமாகக் கட்டுகிறது. இந்த இரண்டாம் நிகழ்ச்சி எப்போது நடந்தது? பலர் நினைப்பது போல எரிமலை ஆறிய கையோடு அது முடிந்துவிடவில்லை. பொட்டாசியமும் ருபிடியமும் உள்ள அபோஃபிலைட் போன்ற குழிக்கனிமங்களின் வயதைத் தனியே அளந்தபோது, சில எரிமலைப் பாறையைவிடப் பல கோடி ஆண்டுகள் இளையவை என்று தெரிந்தது. அதாவது இந்த மலைக்குள் நீரின் வேலை நெடுங்காலம் தொடர்ந்திருக்கிறது.

இங்கே என் சொந்தத் தவறு ஒன்றை எழுதியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்பு நான் பயிற்சியில் இருந்த ஆய்வகத்தில், அம்பேனளி தொகுதியைச் சேர்ந்ததாகக் களத்தில் குறிக்கப்பட்ட ஒரு மாதிரியை அளந்தேன். அந்தத் தொகுதியின் தொடக்க விகிதம் 0.7038-க்கும் 0.7044-க்கும் இடையில் இருக்க வேண்டும். எனக்குக் கிடைத்ததோ 0.7050. கருவி சரியாக இருந்தது. உலகெங்கும் பயன்படும் ஒப்பீட்டு உப்பான எஸ்ஆர்எம் 987 வழக்கம்போல 0.71025 காட்டியது. ஆகவே நான் கண்டது புதியதொரு குழம்புவகை என்று முடிவுசெய்து, அதற்குப் பொருத்தமான விளக்கம் ஒன்றையும் எழுதத் தொடங்கிவிட்டேன். ஆறு வாரம் கழித்து மூத்த ஆய்வாளர் ஒருவர் அட்டவணையைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "கல்லைக் கொண்டு வா, பார்க்கலாம்." கொண்டுபோய் வைத்தேன். வெட்டுமுகத்தில் கடுகளவு வெண்புள்ளிகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஒரு சொட்டு நீர்த்த அமிலம் விட்டதும் சில புள்ளிகள் நுரைத்தன.

நடந்தது இதுதான். ஸ்டில்பைட், ஹியூலண்டைட் போன்ற ஜியோலைட்டுகளும் கால்சைட்டும் ஸ்ட்ரான்ஷியத்தை வாரி வைத்துக்கொள்பவை. பாறையில் இயல்பாகப் பத்து இலட்சத்தில் 220 பங்கு ஸ்ட்ரான்ஷியம் இருக்கிறது என்று கொள்வோம். இருபதில் ஒரு பங்கு எடைக்கு 1,000 பங்கு ஸ்ட்ரான்ஷியம் கொண்ட ஜியோலைட் அதில் சேர்ந்திருந்தால், மொத்த ஸ்ட்ரான்ஷியத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் அந்நிய நீரிலிருந்து வந்ததாக ஆகிவிடும். அந்த நீரின் விகிதம் 0.709 என்றால், பாறையின் அளவு 0.0009 ஏறிவிடும். என் 'கண்டுபிடிப்பு' முழுவதும் அந்த 0.0009-க்குள் அடங்கியது. மிச்சமிருந்த தூளை வெதுவெதுப்பான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து, அடியில் தங்கியதை மட்டும் கழுவி மறுபடியும் அளந்தபோது 0.7042 வந்தது. நியோடிமியத்தின் எப்சிலான் முதலிலும் சரி, கழுவிய பிறகும் சரி, +5-ஐ விட்டு அசையவே இல்லை. அதை அப்போதே கவனித்திருந்தால் அந்த ஆறு வாரம் மிஞ்சியிருக்கும்.

அதற்குப் பிறகு பல ஆண்டுகள் நானும் எல்லோரையும் போல வெண்புள்ளிகளைக் குற்றவாளிகளாகவே நடத்தினேன். பாறையை நொறுக்கி, நுண்ணோக்கியின் கீழே ஊசிமுனைக் குறட்டால் நல்ல சில்லுகளை மட்டும் பொறுக்கி, மீதியைக் குப்பையில் கொட்டினேன். இப்போது அது பாதி வேலை என்று தோன்றுகிறது. குப்பையில் போனது நீரின் வரலாறு. ஆகவே இந்தப் பயணத்தில் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு பைகள்: கலப்பற்ற பாறைக்கு 'அ', குழிக்கும் விரிசலுக்கும் 'ஆ'. உடன் வந்திருக்கும் ஆராய்ச்சி மாணவிக்கு இதில் சுமை இரட்டிப்பாகிறது என்ற வருத்தம் இருக்கிறது. அது நியாயமான வருத்தமும்கூட.

'ஆ' பையை வைத்து என்ன செய்வோம் என்று அவர் கேட்டார். ஆக்சிஜன் ஒரு விடை. ஆக்சிஜன்-18 அளவைக் கடல்நீரோடு ஒப்பிட்டு ஆயிரத்தில் எத்தனை பங்கு வேறுபாடு என்று எழுதுவது வழக்கம். கவசத்திலிருந்து வந்த புத்தம்புதிய பசால்ட்டுக்கு அது +5.5-ஐ ஒட்டி இருக்கும். குளிர்ந்த நீரில் உருவாகும் களிமண் கனிமங்கள் கனமான ஆக்சிஜனை அதிகம் பிடித்துக்கொள்வதால், அவற்றின் மதிப்பு 20-ஐ நெருங்கிவிடும். நீர் மிகச் சூடாக இருந்தாலோ அந்தப் பாரபட்சம் குறைந்து, பாறையின் மதிப்பு 5.5-க்குக் கீழேகூட இறங்கலாம். ஆகவே ஒரே பாறையில் ஸ்ட்ரான்ஷியம் 'எந்த நீர்' என்பதைச் சொன்னால், ஆக்சிஜன் 'எவ்வளவு சூட்டில்' என்பதைச் சொல்லும்.

நான்காம் நாள்: போலாட்பூரிலிருந்து அம்பேனளி கணவாய் வழியே

இந்தப் பயணத்தில் நான் மிகவும் எதிர்பார்த்திருந்த நாள் இது. சாவித்ரி ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள போலாட்பூரில் தொடங்கி, அம்பேனளி கணவாய் ஏறி, ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் உள்ள மகாபலேஷ்வரில் முடியும் சாலை இது. தக்காணப் புவிவேதியியலைப் படித்தவர்களுக்கு இந்த மூன்று ஊர்ப் பெயர்களும் பாறைத் தொகுதிகளின் பெயர்களாகவே பழக்கம்: அடியில் போலாட்பூர், நடுவில் அம்பேனளி, உச்சியில் மகாபலேஷ்வர். மலைச்சாலையில் வண்டி ஏற ஏற, காலத்தில் பின்னிருந்து முன்னே வருகிறோம். 1982-இல் ஜான் மஹோனியும் உடனாய்வாளர்களும் மகாபலேஷ்வர்ப் பாறைகளில் நியோடிமியத்தையும் ஸ்ட்ரான்ஷியத்தையும் அளந்து வெளியிட்டார்கள். 1985-இல் கீத் காக்ஸும் கிறிஸ் ஹாக்ஸ்வொர்த்தும் இந்தப் பகுதியின் வேதியியல் அடுக்குவரிசையை ஒழுங்குபடுத்தி எழுதினார்கள். கண்ணுக்குத் தெரியாத எல்லைகளை எண்களால் கோடு போட்டது அந்தக் காலத்தில்தான்.

போலாட்பூர் தொகுதியின் தொடக்க விகிதம் 0.705-க்கும் 0.711-க்கும் இடையில் பரந்து கிடக்கிறது. இப்படிப் பரந்து கிடப்பதே ஒரு செய்தி. ஒவ்வொரு குழம்பும் மேலோட்டை வேறுவேறு அளவில் விழுங்கியிருக்கிறது. சாலை வளைந்து வளைந்து ஏறி, பிரதாப்கட் கோட்டைக்குச் சாலை பிரியும் இடத்தை நெருங்கும் உயரத்தில் எங்கோ, பாறையின் தோற்றத்தில் எந்த மாற்றமும் இல்லாமலேயே எண்கள் 0.704-க்கு இறங்கிவிடுகின்றன, நியோடிமியம் எதிர்குறியிலிருந்து நேர்குறிக்குத் தாவுகிறது. அம்பேனளி தொகுதி தொடங்கிவிட்டது. தக்காணத்தின் மிகக் கலப்பற்ற குழம்பு இதுவே. குழம்பு ஏறிவரும் வழியின் சுவர்களில் முன்பு வந்தவை பூசிச் சென்ற பூச்சு காப்பாக அமைந்ததால் பின்னால் வந்தவை மேலோட்டைத் தொடாமல் வர முடிந்தது என்று சிலர் விளக்குகிறார்கள். விளக்கம் அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதனாலேயே நான் அதைச் சற்று ஐயத்தோடு பார்க்கிறேன்.

வண்டியில் ஏறும்போது மாணவி ஒரு நல்ல கேள்வி கேட்டார். இன்று அளக்கும் விகிதத்தில் 6.6 கோடி ஆண்டுகளாகச் சிதைந்த ருபிடியமும் சேர்ந்திருக்குமே, அதை எப்படிக் கழிப்பது? கழிக்க வேண்டியதுதான். ஆனால் பத்து இலட்சத்தில் 10 பங்கு ருபிடியமும் 220 பங்கு ஸ்ட்ரான்ஷியமும் உள்ள பசால்ட்டில் அந்தக் கழிவு 0.0001-ஐச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. செலடோனைட் ருபிடியத்தையும் பொட்டாசியத்தையும் சேர்த்துவைக்கும் கனிமம். மழையில் நைந்த பாறையிலோ ருபிடியம் கரைந்து போயிருக்கும். இன்று அளக்கும் ருபிடியம் அன்றிருந்த ருபிடியம் அல்ல என்றால், கழிக்கும் கணக்கே தவறிவிடும். கல் மாறியிருக்கிறதா என்பதை முதலில் தீர்க்காமல் அது எங்கிருந்து வந்தது என்பதைத் தீர்க்க முடியாது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஒரு வளைவில் இரண்டு கருப்பு அடுக்குகளுக்கு நடுவே, முழங்கால் உயரத்துக்குச் செங்கல் நிறத்தில் ஒரு பட்டை ஓடுகிறது. இது 'ரெட் போல்' எனப்படும் சிவப்பு மண்பட்டை. ஒரு குழம்பு உறைந்து, அதன் மேற்பரப்பு மண்ணாக நைந்து, அதன்பிறகு அடுத்த குழம்பு வந்து மூடியதன் அடையாளம். நகத்தால் கீறினால் பொடியாக உதிர்கிறது. மேலே கவிழ்ந்த குழம்பின் சூட்டில் பட்டையின் மேல்விளிம்பு மட்டும் சுட்ட ஓடுபோல இறுகியிருக்கிறது. பிளேயர் ஷோனும் குழுவினரும் இத்தகைய பட்டைகளிலிருந்துதான் சிர்கான் என்னும் கனிமத்தின் மணிகளைப் பிரித்தெடுத்தார்கள். பசால்ட்டில் சிர்கான் எளிதில் விளையாது; ஆனால் இடைவெளிக் காலத்தில் வேறு எரிமலைகளிலிருந்து காற்றில் வந்த சாம்பல் இந்த மண்ணில் விழுந்து, தன் சிர்கானையும் கொண்டுவந்தது. சிர்கானுக்குள் யுரேனியம் ஈயமாகச் சிதையும் கடிகாரம் நீரால் எளிதில் கெடுவதில்லை.

2019 பிப்ரவரியில் 'சயன்ஸ்' இதழில் இரண்டு கட்டுரைகள் ஒன்றாக வந்தன. ஷோன் குழு யுரேனியம்-ஈயம் வழியில், எரிமலை நான்கு தனித்தனி வீச்சுகளாக வெடித்தது என்றது. கோர்ட்னி ஸ்ப்ரெய்ன் குழு பிளேஜியோகிளேஸில், பொட்டாசியம் ஆர்கானாகச் சிதைவதைக் கொண்டு வயது காணும் ஆர்கான்-ஆர்கான் முறையில் அளந்து, ஏறக்குறைய இடைவிடாமல் வழிந்தது என்றும், பெரும்பகுதி டைனோசர்கள் அழிந்த எல்லைக்குப் பின்னரே வந்தது என்றும் சொன்னது. இரண்டும் ஒரே மலை. இரண்டும் தேர்ந்த கைகள். மொத்த எரிமலைக் காலமும் ஏறத்தாழ பத்து இலட்சம் ஆண்டுகளுக்குள் அடங்கும் என்பதில் மட்டும் அவர்களுக்குள் சச்சரவு இல்லை. அதற்கு முந்தைய தலைமுறையின் பொட்டாசியம்-ஆர்கான் வயதுகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் வித்தியாசத்தில் சிதறிக் கிடந்ததற்குக் காரணம், மாறிப்போன பாறையிலிருந்து ஆர்கான் வாயு கசிந்து வெளியேறியதே. 1988-இல் வெளியான ஆர்கான்-ஆர்கான் அளவீடுகள்தாம் அந்தச் சிதறலைச் சுருக்கின.

இன்று ஒன்பது இடங்களில் மாதிரி எடுத்தோம், பதினெட்டுப் பைகள்.

ஐந்தாம் நாள்: மகாபலேஷ்வர், பஞ்சகனி

உச்சியில் உள்ள மகாபலேஷ்வர் தொகுதியின் விகிதம் 0.7040 முதல் 0.7055 வரை. மேலோட்டமாகப் பார்த்தால் மறுபடியும் கொஞ்சம் மேலோட்டுக் கலப்பு என்று சொல்லிவிடத் தோன்றும். ஈய ஐசோடோப்புகள் அப்படிச் சொல்லவிடுவதில்லை. போலாட்பூரும் புஷேயும் அம்பேனளியிலிருந்து ஒரு திசையில் விலகுகின்றன. மகாபலேஷ்வர்ப் பாறைகளோ ஈயம்-206-க்கும் ஈயம்-204-க்கும் உள்ள விகிதம் குறைந்துகொண்டே போகும் வேறொரு திசையில் விலகுகின்றன. கலந்த பொருளே வேறு. அது கண்டத்துக்கு அடியில் ஒட்டியிருந்த பழைய கவசப் பகுதியா, மேலோட்டின் அடிப்பகுதியா என்ற வாதம் நெடுநாளாக நடக்கிறது. இரண்டு பக்கத்தையும் படித்தவன் என்ற முறையில், ஈயத்தை மட்டும் வைத்து இதை முடிக்க முடியும் என்று நான் நம்பவில்லை.

எல்லாக் கலப்பையும் கழித்த பிறகு மிஞ்சும் மூலக் குழம்பு எது என்ற கேள்விக்கு, இந்தியப் பெருங்கடலில் இன்றும் கனன்றுகொண்டிருக்கும் எரிமலைத் தீவான ரியூனியனின் பக்கம் கைகாட்டுவது வழக்கம். அதற்கு ஹீலியமும் ஒரு சாட்சி சொல்கிறது. 1993-இல் அசிஷ் பாசுவும் குழுவினரும் தக்காணத்தின் வடமேற்கே, முக்கிய வெடிப்புக்குச் சற்று முந்திய, சோடியமும் பொட்டாசியமும் மிகுந்த காரப் பாறைகளில், காற்றிலுள்ளதைப் போல் பதினான்கு மடங்கு வரை ஹீலியம்-3 / ஹீலியம்-4 விகிதத்தைக் கண்டார்கள். அது ஆழமான கவசத்துக்குரிய அடையாளம்.

பஞ்சகனியின் மேசைநிலத்தில் சுத்தியலுக்கு வேலையில்லை. மேலே கவிழ்ந்திருப்பது லேட்டரைட், நம் செம்புரைக்கல். பிரான்சிஸ் புக்கானன் கேரளத்து அங்காடிபுரத்தில் பார்த்ததற்கு 1807-இல் வெளியான நூலில் வைத்த பெயர் உலகப் பெயராகிவிட்டது. பசால்ட்டிலிருந்து கரையக்கூடியது எல்லாம் கரைந்து போய், இரும்பும் அலுமினியமும் மட்டும் எஞ்சிய எலும்புக்கூடு இது. ஸ்ட்ரான்ஷியம் ஏறக்குறைய முழுவதும் போய்விடும். இருக்கும் சிறிதளவும் மழையோ தூசியோ கொண்டுவந்ததாக இருக்கலாம். ஹவாய்த் தீவுகளின் மிகப் பழைய எரிமலை மண்ணில் அப்படித்தான் கண்டார்கள்: மண் கீழே உள்ள பாறையிலிருந்து பிறந்தது, ஆனால் அதிலிருந்த ஸ்ட்ரான்ஷியம் கடலிலிருந்தும் ஆசியத் தூசியிலிருந்தும் வந்தது. ஒரு செம்புரைத் துண்டு எடுத்துக்கொண்டோம். அது நேரே 'ஆ' பைக்குப் போயிற்று, அதற்கு 'அ' பை கிடையாது.

மாலையில் கிருஷ்ணை தோன்றும் ஊற்றருகே அமிலத்தில் கழுவிய குப்பியில் நீர் எடுத்தோம். வடிகட்டி வழியே ஊசிக்குழாயால் சொட்டுச் சொட்டாக இறக்க அரை மணி நேரம் பிடித்தது. பசால்ட் நிலத்தில் ஓடும் ஆறுகளின் ஸ்ட்ரான்ஷியம் விகிதம் பொதுவாக 0.706-க்கும் 0.71-க்கும் இடைப்பட்டது, கங்கையில் அது 0.72-ஐத் தாண்டும். கடலில் இப்போது 0.7092. இந்த எரிமலை வெடித்த நாளில் கடலின் விகிதம் 0.7078-ஐ ஒட்டி இருந்தது. நேற்று நான் உடைத்த பாறையிலிருந்து போனதும் அந்தக் கணக்கில் எங்கோ சேர்ந்திருக்கிறது.

ஆறாம் நாள்: கொய்னா

ஐந்து நாளும் மேலோட்டுக் கலப்பு என்று பேசினோமே, அந்த மேலோடு எங்கே? சஹ்யாத்ரியில் அது கண்ணுக்குத் தட்டுப்படுவதில்லை. ஆனால் கொய்னாவில் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். 1967 டிசம்பரில் அணைப் பகுதியைக் குலுக்கிய நிலநடுக்கத்தின் காரணத்தை ஆராயத் தொடங்கிய துளைப் பணியில், முதல் துளை 933 மீட்டர் பசால்ட்டைத் தாண்டியதும் நேரே கிரானைட் நைஸைத் தொட்டது. இடையில் வண்டல் படிவு எதுவும் இல்லை. பிற்பாடு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஆழம் வரையிலும் ஒரு துளை இறக்கினார்கள். புஷே குழம்பு விழுங்கியிருக்கக்கூடியது இந்த வகைப் பாறைதான் என்று நீர்த்தேக்கத்தின் கரையில் நின்று மாணவிக்குச் சொன்னபோது, அவர் காலடியைப் பார்த்தார்; நானும் பார்த்தேன். ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான ஆழம்.

சாலையோரத்தில் கடைசி மாதிரி. நல்ல இறுகிய பசால்ட். ஆனால் அதன் குறுக்கே சுண்டுவிரல் கனத்தில் வெள்ளை நரம்பு ஒன்று ஓடியது. அமிலம் விட்டுப் பார்த்தோம். நரம்பின் நடுப்பகுதி நுரைத்தது, இரு ஓரங்களும் நுரைக்கவில்லை. முதலில் ஜியோலைட் படிந்து, பிறகு நடுவில் கால்சைட் வந்திருக்கிறது. இரண்டு வேறு நீர்கள், அல்லது ஒரே நீர் இரண்டு வேறு காலங்களில். நரம்பை ஒட்டிய பாறை விரல் அகலத்துக்கு வெளிறியிருந்தது.

"சார், அந்த வெளிறினது எந்தப் பையில?" என்று மாணவி கேட்டார். பாறையும் இல்லை, நரம்பும் இல்லை, நல்ல கேள்வி. சிறிது யோசித்தபின் மூன்றாவது பை ஒன்றை எடுக்கச் சொன்னேன். அவர் பெருமூச்சுவிட்டபடி மை எழுதுகோலால் எழுதினார்: 31-இ.